அணையா விளக்குகள்

லண்டன் மாநகரின் வடமேற்கே டாலிஸ் ஹில் என்னும் மேட்டுப் பகுதி உள்ளது. அங்கே ஆங்கில அரசின் அஞ்சல் துறை பெரியதோர் ஆராய்ச்சி நிலையத்தை நடத்தி வந்தது. கடிதம் சுமக்கும் துறைக்கு ஆராய்ச்சி எதற்கு என ஐயுற வேண்டா. அந்நாளில் அந்நாட்டில் தந்தியும் தொலைபேசியும் அத்துறையின் ஆட்சியிலேயே இருந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் ஒரு நாள், அந்நிலையத்தில் கொதிகலன் எரியும் இடத்திற்குப் பொறியாளர் ஒருவர் சென்றார். வரைபடங்களையும் குறிப்புகளையும் உடன் கொண்டு சென்று, அவை அனைத்தையும் நெருப்பில் இட்டார்; அவை எரிவதை நின்று பார்த்தார். அவரும் அவர்தம் தோழரும் இரவு பகல் பாராது உழைத்து உருவாக்கியதொரு பொறியின் வரலாறு முழுவதும் அத்தாள்களில் இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிடுக என்பது மேலிடத்துக் கட்டளை. அவர் அதனை மறுக்கவில்லை.

அப்பொறியாளர் பெயர் தாமஸ் பிளவர்ஸ். அவர் படைத்த பொறியின் பெயர் கொலோசஸ். பேருருவம் என்பது அச்சொல்லின் பொருள். ஆயிரக்கணக்கான வெற்றிடக் குழல்களைக் கொண்டு இயங்கிய கணிப்பொறிகளுள் அதுவே முற்பட்டது. ஆயினும் முப்பது ஆண்டுகள் அதன் பெயரை உலகம் அறியவில்லை.

பிளவர்ஸ் 1905ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், கிழக்கு லண்டனில் உழைப்பாளர் மிகுந்து வாழ்ந்த பாப்லர் என்னும் பகுதியில் பிறந்தார். தந்தையார் செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்பும் கொத்தனார். ஐந்து வயதுச் சிறுவனாயிருந்தபோது, தங்கை பிறந்திருக்கிறாள் என்று வீட்டார் மகிழ்ந்து சொல்ல, அதற்கு ஈடாக ஒரு மெக்கானோப் பெட்டி வந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று அவர் விடையிறுத்தாராம். துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் முடுக்கி வண்டியும் பாலமும் செய்து விளையாடும் பெட்டி அது. பின்னர் அவர் உல்லிச்சு என்னும் இடத்திலிருந்த அரசுப் படைக்கலச் சாலையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். பகலெல்லாம் பட்டறையில் உழைத்து, இரவில் மாலை வகுப்புக்குச் சென்று படித்து, லண்டன் பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் பட்டம் பெற்றார். 1926இல் அஞ்சல் துறையில் அமர்ந்தார். 1930இல் டாலிஸ் ஹில் ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்தார். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு என்னும் பெரும் பல்கலைக்கழகங்களின் வாயிலை அவர் மிதித்தவர் அல்லர். பின்னாளில் அவர் எதிர்கொண்ட மறுப்புகளை விளங்கிக்கொள்ள இச்செய்தி உதவும்.

அக்காலத்துத் தொலைபேசி நிலையங்களில் ஓர் இணைப்பை மற்றோர் இணைப்போடு பொருத்தியவை, மின்காந்தத்தால் அசையும் உலோகச் சாவிகள். அவை டக்டக்கென ஓசையிட்டு இயங்கின. அசையும் பொருள் தேயும். தேயும் பொருள் பழுதுறும். அதன் விரைவுக்கும் ஓர் எல்லை உண்டு. வானொலிப் பெட்டியில் அந்நாளில் ஒளிர்ந்த வெற்றிடக் குழலைப் பலர் கண்டிருப்பர். பொறியாளர் அதனை வால்வு என்று வழங்கினர். அதனுள் அசைவது மின்னணுவேயன்றி உலோகத்துண்டு அன்று. ஆதலால் உலோகச் சாவியைக் காட்டிலும் பல நூறு மடங்கு விரைவாக அது திறக்கவும் மூடவும் வல்லது. அவ்வால்வுகளையே சாவிகளாகக் கொண்டு தொலைபேசி நிலையம் அமைக்கலாகுமோ என்று பிளவர்ஸ் 1930க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் ஆராய்ந்து வந்தார்.

இக்கருத்தைக் கேட்ட பிறர் தலையசைத்து மறுத்தனர். வால்வு எளிதில் கெட்டுப்போகும் பொருள் என்பது எல்லோரும் அறிந்ததே. வீட்டு வானொலியில் உள்ளவை நான்கைந்து. அவற்றுள் ஒன்று அடிக்கடி பழுதாகிறது. ஆயிரம் வால்வுகளை ஒருங்கே கோத்தால் ஒரு நாழிகைப் பொழுதேனும் பழுதின்றி ஓடுமோ என்று அவர்கள் வினவினர். கணக்கு நேரியதே போலத் தோன்றும். ஆனால் பிளவர்ஸ் பிறர் காணாத ஒன்றைத் தொழிற்களத்தில் கண்டிருந்தார். வால்வு கெடுவது பெரும்பாலும் அது எரியும்பொழுது அன்று, ஏற்றும்பொழுதும் அணைக்கும்பொழுதுமே. குளிர்ந்து கிடந்த இழை சட்டெனச் சூடேறி விரிகிறது. அணைத்தவுடன் மீண்டும் சுருங்குகிறது. இவ்விரிவும் சுருக்கமுமே அதனை முறிக்கின்றன. வீட்டு வானொலியை நாள்தோறும் பலமுறை திறந்து மூடுகின்றனர். தொலைபேசி நிலையத்திலோ இரவும் பகலும் மின்சாரம் நிற்பதில்லை. ஏற்றிய விளக்கை அணைக்காதிருந்தால் அது நெடுநாள் எரியும். கோயிலிலும் இல்லத்திலும் நந்தா விளக்குப் போற்றியவர்க்கு இதனில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் அறிவியலாளர் பலர்க்கு இது நம்பற்கரிய செய்தியாயிற்று!

போர் மூண்டது. லண்டனுக்கு வடமேற்கே ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிளெட்சிலி பார்க் என்னும் மாளிகையில், பகைவர்தம் மறைமொழிகளை விடுவிக்கும் பணி மிகவும் கமுக்கமாக நடைபெற்றது. கணித மேதையாகிய ஆலன் டூரிங் அங்கே பணியாற்றினார். 1941இல் ஒரு கருவியின் பொருட்டு அவர் டாலிஸ் ஹில்லின் உதவியை நாடினார். பிளவர்ஸின் திறன் அங்குள்ளோர்க்குத் தெரியலாயிற்று அவ்வாறே.

செருமானியப் படைத்தலைமை தன் மேனிலைச் செய்திகளை அனுப்ப லாரென்ஸ் என்னும் பொறியைப் பயன்படுத்தியது. அதன் மறைமுறையை மாணவரும் தாளும் பென்சிலும் கொண்டு செய்து பார்க்கலாம். தந்தித் தாளில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து இடங்கள் உண்டு; ஒவ்வோர் இடத்திலும் துளை இருக்கும், அல்லது இராது. இவ்வாறு முப்பத்திரண்டு வகைக் கோலங்கள் அமைகின்றன. அனுப்ப வேண்டிய எழுத்தோடு வேறோர் எழுத்தை இடத்துக்கு இடம் கூட்டுவர். இரண்டும் ஒத்திருந்தால் விடையில் துளை இல்லை. வேறுபட்டால் துளை உண்டு. இங்ஙனம் மறைத்ததோடு முன் கூட்டிய எழுத்தையே மீண்டும் ஒருமுறை கூட்டினால் மூல எழுத்துத் தானே வெளிப்படும்! கூட்டும் எழுத்துகளைப் பன்னிரண்டு சக்கரங்கள் சுழன்று சுழன்று உண்டாக்கின. அச்சக்கரங்கள் தொடங்கிய நிலையை அறியாதவர்க்கு அச்செய்தி வெறும் எழுத்துக் குப்பையே.

1941 ஆகஸ்டு 30ஆம் நாள் செருமானியச் செய்தியாளர் ஒருவர் ஏறக்குறைய நாலாயிரம் எழுத்துக்கள் கொண்ட செய்தியொன்றை, சக்கரங்களை மாற்றாமல், சிற்சில சொற்களைச் சுருக்கி, இரண்டாம் முறையும் அனுப்பிவிட்டார். சோம்பலால் விளைந்த பிழை அது. ஜான் டில்ட்மன் என்பவர் அவ்விரண்டையும் ஒப்பிட்டு மறைப்பெழுத்துகளைப் பிரித்தெடுத்தார். பில் டட் என்னும் இருபத்து நான்கு வயது இளைஞர் அவ்வெழுத்துகளை மாதக்கணக்கில் ஆராய்ந்து, கண்ணால் ஒருமுறையும் காணாத அப்பொறியின் உள்ளமைப்பு முழுவதையும் உய்த்துணர்ந்தார். கணித ஆற்றலுக்கு இதனினும் சிறந்த சான்று காட்டல் எளிதன்று.

அமைப்பை அறிந்தாலும் ஒவ்வொரு செய்திக்கும் சக்கரங்களின் தொடக்க நிலையைத் தேடியாக வேண்டும். அதற்கு எண்ணற்ற முறை ஒப்பிட்டு எண்ணிப் பார்க்க வேண்டும். கையால் செய்தால் போர் முடிந்தாலும் கணக்கு முடியாது. மாக்ஸ் நியூமன் என்னும் கணிதப் பேராசிரியர் இதற்கெனப் பொறியொன்று வேண்டுமென்றார். 1943இல் ஒரு பொறி வந்தது. விந்தையான எந்திரங்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து புகழ்பெற்ற ஹீத் ராபின்சன் என்னும் ஓவியரின் பெயரை அங்குப் பணிபுரிந்த பெண்கள் அதற்குச் சூட்டினர். பெயரே அதன் இயல்பைச் சொல்லும். இரண்டு தாள் நாடாக்கள் அதில் ஒரே விரைவில் ஓட வேண்டும். ஒன்றில் செய்தி, மற்றொன்றில் சக்கரங்களின் கோலம். பல்சக்கரங்கள் இழுத்து ஓட்ட ஓட்டத் தாள் நீண்டது, துளைகள் இடம் பெயர்ந்தன, நாடா அறுந்தது. இரண்டும் ஒருமித்து ஓடாவிடின் விடை பொய்யாகும்.

இக்குறையைப் பிளவர்ஸ் நோக்கினார். இரண்டாம் நாடாவே வேண்டா என்றார். சக்கரங்களின் கோலத்தைத் தாளில் துளையிட்டு ஓட்டுவானேன்? வால்வுகளைக் கொண்டு பொறியினுள்ளேயே அதனை மின்துடிப்புகளாக உண்டாக்கலாம். எஞ்சிய ஒற்றை நாடாவை வழுவழுப்பான உருளைகள் மீது ஓடவிட்டால் தாளுக்கு இழுப்பு இல்லை. நாடாவின் நடுவிலுள்ள சிறு துளைகள் ஒளியை விடுத்து மறைத்துத் தாமே தாளம் தட்டும். பொறியின் பிற உறுப்புகள் அத்தாளத்திற்கு ஏற்ப இயங்கும். நாடா விரைந்தாலும் தளர்ந்தாலும் பிழை நேராது. குறையைச் சரிசெய்ய முயலாமல் குறைக்கு இடமான உறுப்பையே நீக்கிய இத்தெளிவு போற்றத்தக்கது.

ஆனால் இதற்கு ஆயிரத்து அறுநூறு வால்வுகள் வேண்டியிருந்தன. பிளெட்சிலியில் இருந்தோர் தயங்கினர். அத்துணை வால்வுகள் ஒருங்கே இயங்கா என்றனர் சிலர். இயங்கினும் பொறி முடிவதற்குள் போர் முடிந்துவிடும் என்றனர் சிலர். ராபின்சன் பொறிகளே இன்னும் சில செய்து தருக என்று சொல்லிவிட்டனர். விரும்பினால் அஞ்சல் துறையார் தம் பொறுப்பில் முயன்று கொள்ளட்டும் என்பதே அவர்கள் நிலை.

பிளவர்ஸ் டாலிஸ் ஹில்லுக்குத் திரும்பினார். நிலையத்தின் தலைவராகிய கார்டன் ராட்லி அவர்பால் நம்பிக்கை வைத்து இசைவளித்தார். 1943 பிப்ரவரித் திங்களில் பணி தொடங்கிற்று. சிட்னி பிராட்ஹர்ஸ்ட், வில்லியம் சாண்ட்லர் முதலிய தோழர் துணைநின்றனர். பொறி எதற்கு என்பதை மிகச் சிலரே அறிவர். ஒருவர் ஒரு பலகைக்குக் கம்பி கோப்பார். இன்னொருவர் வேறொரு பலகைக்குப் பற்றுவைப்பார். முழு உருவம் அவர் கண்ணுக்குத் தெரியாது. வாரத்தில் ஆறு நாளும், வேண்டிய போது ஏழு நாளும் அவர்கள் உழைத்தனர். பிளவர்ஸ் தம் சொந்தப் பணத்தையும் இதில் செலவிட்டார். பத்துத் திங்களில், அவ்வாண்டு டிசம்பரில், பொறி டாலிஸ் ஹில்லில் இயங்கிக் காட்டியது. 1944 ஜனவரியில் அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி பிளெட்சிலிக்குக் கொண்டு சென்று மீண்டும் பூட்டினர்.

அங்குள்ளோர் முன்பே விடை அறிந்த ஒரு கணக்கை அதற்கு இட்டுச் சோதித்தனர். அரை மணி நேரத்தில் சரியான விடை வந்தது. தற்செயலாய் இருக்கலாம் என்று மீண்டும் ஓட்டினர். அதே விடை வந்தது. நான்கு மணி நேரம் திரும்பத் திரும்ப ஓட்டினர். ஒவ்வொரு முறையும் அதே விடை. ராபின்சனோ ஒரே கேள்விக்கு நேரத்துக்கு ஒரு விடை சொல்லி அவர்களைப் பழக்கியிருந்தது. ஆதலால் விடை சரியென்பதைக் காட்டிலும், விடை மாறவில்லை என்பதே அவர்களைத் திகைக்க வைத்ததாகப் பிளவர்ஸ் பின்னாளில் நினைவு கூர்ந்தார். நாடா நொடிக்கு ஐயாயிரம் எழுத்து வீதம் ஓடியது. எவ்வளவு விரைவைத் தாள் தாங்கும் என்று ஒருமுறை சோதித்தபோது, நொடிக்கு ஒன்பதாயிரத்து எழுநூறு எழுத்து என்னும் அளவில் நாடா துண்டு துண்டாய்ச் சிதறிற்று. ஐயாயிரமே போதும் என்று அமைந்தனர்.

பிப்ரவரி 5ஆம் நாள் அப்பொறி போர்க்காலச் செய்தி ஒன்றின்மீது முதற்பணி செய்தது. அன்றைய நாட்குறிப்பில் பிளவர்ஸ் எழுதியவை இரண்டே செய்திகள்: கொலோசஸ் முதல் வேலையைச் செய்தது, வீட்டுக்குத் திரும்பும் வழியில் கார் பழுதாகி நின்றது. வேறொன்றும் இல்லை. இத்தகைய வெற்றியைப் பெற்றவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கலாம். பொறியாளர்க்குக் கார் நின்றதும் அதே அளவு கவனத்துக்குரிய நிகழ்ச்சி போலும்!

ஐயுற்றோர் இப்பொழுது அவசரப்பட்டனர். இன்னும் பல பொறிகள் வேண்டும், அதுவும் ஜூன் முதல் நாளுக்குள் வேண்டும், பிந்தினால் பயனில்லை என்று மார்ச்சுத் திங்களில் கேட்டனர். அத்தனையும் இயலாது, ஒன்று முடியலாம் என்றார் பிளவர்ஸ். ஏன் அந்த நாள் என்று எவரும் சொல்லவில்லை. ஏதோ பெரிய நடவடிக்கைக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்று அவர்களே ஊகித்துக் கொண்டனர். ஆலன் கூம்ஸ் என்பவரும் குழுவில் முன்னின்று உழைத்தார். புதிய பொறியில் வால்வுகள் இரண்டாயிரத்து நானூறு; விரைவு முன்னதினும் ஐந்து மடங்கு. மே 31ஆம் நாள் இரவு வந்தும் அது சரிவர இயங்கவில்லை. எங்கோ மறைந்திருந்த ஒரு மின்னதிர்வு கணக்கைக் கெடுத்துக்கொண்டிருந்தது. களைத்துப்போன மற்றவர் நள்ளிரவுக்குப் பின் உறங்கச் சென்றனர். சாண்ட்லர் மட்டும் தனித்திருந்து தேடினார். அவ்வேளையில் பக்கத்திலிருந்த வெந்நீர்க் குழாய் கசிந்து, தரையில் நீர் தேங்கி, உயர்ந்த மின்னழுத்தம் பாயும் பொறியை நோக்கிப் பரவலாயிற்று. அந்நீருக்கு நடுவிலும் அவர் பிழையைக் கண்டு நீக்கினார். காலையில் தோழர் திரும்பி வந்தபோது பொறி ஓடிக்கொண்டிருந்தது. அன்று ஜூன் முதல் நாள். ஐந்து நாட் கழித்து, ஜூன் 6இல், நேச நாட்டுப் படைகள் பிரான்சு நாட்டின் நார்மண்டிக் கரையில் இறங்கின. எதிரி அக்கரையையன்றி வேறொரு கரையையே பெரிதும் எதிர்நோக்கியிருந்தான் என்பதை அறிய, விடுவிக்கப்பெற்ற மறைமொழிகள் உதவின.

ஒன்று இங்கே தெளிதல் வேண்டும். கொலோசஸ் எல்லாக் கணக்கும் போடும் பொறி அன்று. ஒப்பிடுதல், எண்ணுதல் ஆகிய பணிகளுக்கென்றே அமைந்தது. இக்காலக் கணிப்பொறியைப் போலச் செய்முறை ஆணைகளை அது தன் நினைவில் வைத்துக்கொள்ளவும் இல்லை. ஆணைகளை மாற்ற வேண்டின் சாவிகளையும் கம்பிச் செருகிகளையும் கையால் மாற்றினர். அதனை இயக்கியவர் கடற்படைப் பிரிவைச் சார்ந்த இளம்பெண்கள். மறைமொழியின் இறுதித் தெளிவும் மனிதர் அறிவாலேயே விளைந்தது. ஆயினும் பல்லாயிரம் வால்வுகள் ஒருங்கே பிழையின்றி எண்ண வல்லவை என்னும் உண்மையை ஐயத்துக்கு இடமின்றி நாட்டியது அப்பொறியே. போர் முடிந்தபோது பத்துப் பொறிகள் பிளெட்சிலியில் ஓடிக்கொண்டிருந்தன. போர்க்காலம் முழுதும் அவற்றை அணைக்கவே இல்லை.

போர் முடிந்தது. எட்டுப் பொறிகளைக் கழற்றிச் சிதைத்தனர். இரண்டை அரசின் மறைமொழித் துறை வைத்துக்கொண்டது. ஏறத்தாழ 1960 அளவில் அவையும் மறைந்தன. பொறியைப் பற்றி எவரிடமும் எக்காலத்தும் பேசலாகாது என்று அதனோடு தொடர்புடைய அனைவரையும் சட்டம் கட்டிப்போட்டது. பிளவர்ஸ் ஏடுகளை எரித்தது அக்கட்டளையின்படியே. அரசு அவர் தொண்டுக்காக ஆயிரம் பவுன் பரிசளித்தது. அவர் செலவிட்ட தொகைக்கே அது போதாது; அதனையும் அவர் தோழரோடு பகிர்ந்துகொண்டார்.

1946 பிப்ரவரியில் அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரில் எனியாக் என்னும் கணிப்பொறியை உலகறிய வெளியிட்டனர். எக்கர்ட், மாக்லி என்போர் அதன் படைப்பாளர். ஏறத்தாழப் பதினெண்ணாயிரம் வால்வுகள் கொண்ட அது, பல்வகைக் கணக்குக்கும் பயன்படுவது, உண்மையிலேயே பெருஞ்செயல். செய்தித்தாள்கள் புகழ்ந்தன; நூல்கள் அதனையே முதல் மின்னணுக் கணிப்பொறி என்று எழுதின; மாணவர் அவ்வாறே படித்தனர். அப்புகழுரைகளைப் பிளவர்ஸும் படித்தார். இருபத்து நான்கு திங்களுக்கு முன்பே தம் பொறி இயங்கியதென்று அவர் சொல்ல முடியாது. வீட்டில் மனைவியும் மக்களும்கூட, போர்க்காலத்தில் ஏதோ முதன்மையான மறைவேலை செய்தார் என்பதற்கு மேல் ஒன்றும் அறியார்.

புகழ் போயிற்று என்பது ஒருபுறம் இருக்க, அதனினும் பெரிய இழப்பு வேறொன்று நேர்ந்தது. போருக்கு முன் அவர் கண்ட கனவு மின்னணுத் தொலைபேசி நிலையம். போருக்குப் பின் அதனை வற்புறுத்தியபோது, இத்தனை வால்வுகள் ஒருங்கே இயங்குமோ என்ற பழைய வினாவையே துறையினர் மீண்டும் எழுப்பினர். விடை அவரிடம் இருந்தது. பத்துப் பொறிகளாக, பல மாதங்கள் ஓடிய விடை. அதனை எடுத்துக்காட்ட அவருக்கு உரிமை இல்லை. சான்று காட்டாத சொல்லை எவர் ஏற்பார்? தாம் கூறியவை உரிய மதிப்பைப் பெறாமற் போனதற்கு இம்மௌனமே காரணம் என்று முதுமையில் அவர் வருந்தினார். அவ்வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. நாட்டைக் காக்கும் பொருட்டு ஒன்றை மறைப்பது தகும்; போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்தும், படைத்தவர் வாயைக் கட்டி வைத்ததனால் நாட்டுக்கு விளைந்தது நன்மையா தீமையா என்பது ஆராயத்தக்கது. 1964இல் அவர் அஞ்சல் துறையினின்று நீங்கினார்; 1969இல் தொழில்வாழ்விலிருந்து ஓய்வு பெற்றார்.

மறைவுக்கும் ஒரு முடிவு உண்டு. நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் ராண்டல் பழங்கணிப்பொறிகளின் வரலாற்றை ஆராய்ந்துவந்தார். போர்க்கால வதந்திகள் சில அவர் காதுக்கு எட்டின. 1972இல் பிரதமருக்கே எழுதிக் கேட்டார். உடனே பயன் விளையவில்லை. 1975இல் அரசு கொலோசஸின் படங்கள் சிலவற்றை வெளியிட்டது. படைத்தவரோடு ஓரளவு உரையாடவும் ராண்டலுக்கு இசைவளித்தது. 1976 ஜூனில் அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் நகரில் கணிப்பொறி வரலாற்று மாநாடு கூடிற்று. அங்கே ராண்டல் எழுந்து கொலோசஸின் வரலாற்றை உரைத்தார். அதன் படைப்பாளருள் ஒருவராகிய கூம்ஸ் அவையில் இருந்தார். எனியாக்கைப் படைத்த மாக்லியும் அதே அவையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். 1977இல் நியூகாசில் பல்கலைக்கழகம் பிளவர்ஸுக்குச் சிறப்பு முனைவர் பட்டம் அளித்தது. 1983இல் அவர் தம் பொறியின் அமைப்பைத் தாமே கட்டுரையாக எழுதி வெளியிட்டார். நாற்பது ஆண்டுக்கு முற்பட்ட செய்திகளை, எரிந்துபோன வரைபடங்களின் துணையின்றி, நினைவிலிருந்தே பெரிதும் எழுத வேண்டியிருந்தது.

அப்பொறியை மீண்டும் படைக்க டோனி சேல் என்னும் பொறியாளர் முன்வந்தார். 1993இல் பணியைத் தொடங்கியபோது அவர் கையில் இருந்தவை, 1945இல் எடுத்த எட்டு நிழற்படங்களும், மின்சுற்று வரைபடங்களின் துண்டுகள் சிலவுமே. அத்துண்டுகள் எங்ஙனம் கிடைத்தன? எரித்துவிடுக என்ற கட்டளையைப் பிளவர்ஸ் முழுதும் நிறைவேற்றினார். வேறு பொறியாளர் சிலரோ கட்டளைக்கு மாறாகச் சில தாள்களைத் தம்மிடம் வைத்துக்கொண்டனர். சொன்ன சொல்லைக் காத்தவர் கையில் ஒன்றும் எஞ்சவில்லை. சொல்லை மீறியவர் கையிலிருந்தே பொறி மீண்டும் உயிர் பெற்றது. இவருள் யார் செய்தது தக்கது என்பதை ஒரு சொல்லில் தீர்த்துவிட இயலாது. பழைய தொலைபேசி நிலையங்களை அந்நாளில் கழித்துக்கொண்டிருந்தமையால் வேண்டிய உறுப்புகள் பல அங்கிருந்து கிடைத்தன. முதிய பொறியாளர் தம் நினைவுகளைச் சொல்லி உதவினர்.

1996 ஜூன் 6ஆம் நாள், பிளெட்சிலி பார்க்கில் மீட்டமைத்த கொலோசஸை இயக்கி வைத்தனர். தொண்ணூறு வயதான பிளவர்ஸ் அவ்விழாவுக்கு வந்திருந்து, தம் பொறியில் நாடா ஓடுவதைக் கண்டார். 1998 அக்டோபர் 28இல் அவர் காலமானார். பொறியை முழுமையாக்கும் பணி அதன் பின்னும் தொடர்ந்து 2007இல் நிறைவெய்தியது. பிளெட்சிலியிலுள்ள கணிப்பொறி அருங்காட்சியகத்தில் அது காட்சிக்கு உள்ளது.

அவ்விழாவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1993இல், பிளவர்ஸ் வடலண்டனிலுள்ள ஹெண்டன் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்திருந்தார். மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் சிறு கணிப்பொறியைக் கையாளுவதற்கான தொடக்க வகுப்பு அது. எண்பத்தேழு வயதில் வகுப்புக்குச் சென்று, பாடங்களை முடித்து, தேறியதற்கான சான்றிதழையும் பெற்றுக்கொண்டார்.